வட்டத்துக்குள் ஒரு ‘யு’: ஏழு வருடம் பார்த்துப் பார்த்து வாங்கிய அனுபவம்

பிஸ்கட் பாக்கெட்டின் முன்பக்கத்தில், எடை போட்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு வட்டம் இருக்கும். அதற்குள் ‘யு’ என்ற ஆங்கில எழுத்து. சில பாக்கெட்டுகளில் வட்டத்தை ஒட்டி ‘டி’ என்று இன்னோர் எழுத்தும் இருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு மிளகு அளவுதான். அமெரிக்கா வந்த முதல் நாலு வருடம் அது என் கண்ணிலேயே படவில்லை. கடந்த ஏழு வருடமாக அதைப் பார்க்காமல் ஒரு பொருளையும் கூடையில் போட்டதில்லை.

யூதர்களின் உணவுச் சட்டப்படி செய்தது என்று காட்டும் கோஷர் முத்திரை அது. அந்த முத்திரையைப் பற்றியும், அதே சட்டத்தின்படி நடக்கும் ஒரு பேக்கரியைப் பற்றியும்தான் இந்த விமர்சனம். நியூ ஜெர்சியில் எங்களைப் போல இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் என் கணவரும் சைவம். நான் முட்டையும் தொட மாட்டேன். பையனுக்கு ஒன்றேகால் வயதில் முதன்முதலாகத் தயிர்சாதம் ஊட்டினேன். பத்து நிமிடத்தில் உதடு தடித்தது, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்தது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸில் அவனை மடியில் வைத்துக்கொண்டு போன அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பால் ஒவ்வாமை. பால், தயிர், நெய், பன்னீர் எதுவும் ஆகாது. அன்றிலிருந்து, ஒவ்வாமை முற்றினால் உடனே போடும் எபிபென் ஊசி இல்லாமல் நாங்கள் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

ஆக, கடையில் ஒவ்வொரு பொருளிடமும் எனக்கு இரண்டு கேள்விகள். உள்ளே மாமிசத்திலிருந்து வந்தது ஏதாவது இருக்கிறதா? பால் இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு இங்கே சட்டமே பதில் சொல்கிறது. 2004-ல் வந்த ஒவ்வாமைப் பொருள் சட்டப்படி, 2006 முதல் பால் சேர்த்திருந்தால் அதைப் பெயர் சொல்லி அச்சிட்டே ஆகவேண்டும். ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் அடுத்த நாள் பால் இல்லாத பிஸ்கட் ஓடினால், அதைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ‘பால் கலந்திருக்கலாம்’ என்று போடுவதும் போடாததும் கம்பெனியின் விருப்பம். என் பையனுக்கு அந்த விருப்பம் உயிர் சம்பந்தப்பட்டது.

இந்த ஓட்டையை அடைத்துக் காட்டியவர், நாங்கள் இருக்கும் டீனெக் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கும் யூதப் பாட்டி. ஆம்புலன்ஸ் வந்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் விசாரிக்க வந்தார். நான் அழுதுகொண்டே அலமாரியில் இருந்த பாக்கெட்டுகளைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, “இது வேண்டாம், இது இருக்கட்டும்” என்று பிரித்து வைத்தார். பின்பக்க எழுத்தை அவர் படிக்கவே இல்லை. முன்பக்கத்து வட்டத்தை மட்டும் பார்த்தார்.

அப்புறம் அவர் வீட்டுச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு பாத்திரம் கழுவும் தொட்டிகள். கரண்டிப் பிடிகளில் கலர் டேப்: மாமிசத்துக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம், இரண்டிலும் சேராததற்குப் பச்சை. எங்கள் வீட்டில் பாட்டி ‘பத்து’ பார்த்தது ஞாபகம் வந்தது. சோற்றுப் பானையைத் தொட்ட கையோடு தயிர்ச் சட்டியைத் தொட்டால் கத்துவாள். இந்த அம்மா எனக்கு எதையும் விளக்கவே தேவையில்லை என்று தோன்றியது. பேசிக்கொண்டே கேக்குக்கு முட்டை உடைத்தார். நேராகக் கிண்ணத்தில் இல்லை, ஒரு கண்ணாடி டம்ளரில். டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மஞ்சள் கருவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மாவில் ஊற்றினார். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும் அந்த முட்டையைக் கொட்டிவிடுவார்களாம். அவர்கள் சட்டத்தில் ரத்தம் சாப்பிடக்கூடாது. ஆறு முட்டைக்கும் ஆறு தடவை அதே டம்ளர், அதே ஜன்னல். எத்தனை வருடப் பழக்கம் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்றார்.

அவர்களுடைய உணவுச் சட்டத்துக்கு கஷ்ருத் என்று பெயர். அதற்கு உட்பட்ட உணவு கோஷர். எந்தப் பிராணி ஆகும், எது ஆகாது என்பதெல்லாம் தோரா என்ற அவர்கள் வேதத்தில், லேவியராகமத்தில் இருக்கிறது. குளம்பு பிளந்து அசைபோடுவது ஆகும், பன்றி ஆகாது. துடுப்பும் செதிலும் உள்ள மீன் ஆகும், இறால் ஆகாது. எனக்கு அதில் பெரிய வேலை இல்லை. எனக்கு வேண்டியது பாலும் மாமிசமும் சேரக்கூடாது என்ற விதிதான். குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று தோராவில் மூன்று இடங்களில் வருகிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக ரப்பிகள் என்ற யூத மதகுருக்கள் ஒரு பெரிய கோட்டையே கட்டியிருக்கிறார்கள். பாத்திரம் தனி, தொட்டி தனி. மாமிசம் சாப்பிட்டால் பால் தொட நிறைய குடும்பங்களில் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டிலும் சேராததற்குப் ‘பரேவ்’ என்று தனிப் பெயர்.

பாலையும் மற்றதையும் பிரித்து வைப்பதையே கடமையாகக் கொண்ட ஒரு கூட்டம், பால் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள எவ்வளவு மெனக்கெடும்! அந்த மெனக்கெடல் முழுவதும் எனக்கு இலவசமாகக் கிடைக்கிறது.

வட்டத்துக்குள் ‘யு’ போடுவது ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற யூத அமைப்பு. 1920-களில் ஹைன்ஸ் கம்பெனியின் பொருட்களில் ஆரம்பித்தார்கள். இன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்களில் தங்கள் முத்திரை இருப்பதாகச் சொல்கிறார்கள். இது தவிர ஓகே, ஸ்டார்-கே, எங்கள் ஊரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் கோஃப்-கே என்று வேறு சில உண்டு. படிக்கும் முறை சுலபம். வட்ட ‘யு’ தனியாக இருந்தாலோ, பக்கத்தில் பரேவ் என்று இருந்தாலோ, பாலும் இல்லை, மாமிசமும் இல்லை. ‘டி’ இருந்தால் பால் உண்டு, அல்லது பால் ஓடிய இயந்திரத்தில் செய்தது. நான் சொன்ன ஓட்டையை அடைப்பது இந்த ‘அல்லது’தான். ஓரியோ பிஸ்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்மானப் பட்டியலில் பால் இருக்காது. ஆனால் முன்பக்கத்தில் ‘டி’ இருக்கும். எனக்கு அது போதும், திருப்பி வைத்துவிடுவேன். அதே ‘டி’, எனக்கும் கணவருக்கும் நல்ல செய்தி. பால் வகை என்று முத்திரை விழுந்த பொருளில் மாமிசம் சேர்க்க முடியாது. முன்பு ஓரியோவின் க்ரீமில் பன்றிக் கொழுப்பு இருந்தது. அதை மாற்றி, கோஷர் முத்திரை வாங்கியது 1990-களில்தான்.

எப்படி இவ்வளவு நம்புகிறாய் என்று என் தங்கை கேட்டாள். இந்த அமைப்புகள் வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கும் நம்பிக்கை வந்தது. தொழிற்சாலைக்குள் வரும் ஒவ்வொரு மூலப்பொருளும் அவர்கள் ஒப்புக்கொண்ட பட்டியலில் இருக்க வேண்டும். மஷ்கீஹ் என்ற மேற்பார்வையாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார். எண்ணெய் கொண்டுவரும் டேங்கர் லாரியில் அதற்கு முன் என்ன ஏற்றினார்கள் என்பது வரை கணக்கு கேட்பார்கள். ‘இயற்கையான சுவையூட்டி’ என்று இரண்டு வார்த்தையில் கம்பெனி மூடி வைத்திருப்பதை எனக்குத் திறந்து பார்க்க வழியில்லை. அவர்கள் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

கோகோ கோலா கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அட்லாண்டாவில் டோபியாஸ் கெஃபன் என்று ஒரு ரப்பி இருந்தார். இது கோஷரா என்று ஊர் ஊராகக் கடிதம் வரவே, கம்பெனியிடம் ரகசியச் சேர்மானத்தைக் கேட்டார். வெளியே சொல்லமாட்டேன் என்ற உறுதியின் பேரில் கொடுத்தார்கள். அதில் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த கிளிசரின் இருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குதான். யூதச் சட்டத்தில் தவறி விழுந்தது அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் அது இல்லாததற்குச் சமம். ஆனால் தெரிந்தே சேர்ப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது என்று கெஃபன் நின்றார். கம்பெனி தாவரக் கிளிசரினுக்கு மாறியது. அவர் தீர்ப்பு எழுதியது 1935-ல். அதற்கப்புறம் கோலா குடித்த சைவக்காரர்கள் எல்லோருமே, தெரியாமலே, அந்த மனிதருக்குக் கடமைப்பட்டவர்கள்.

சரி, குறைகளுக்கு வருகிறேன். இதை ஊன்றிப் படியுங்கள். முத்திரை பொய் சொல்வதில்லை. ஆனால் அது நம் கேள்விக்குப் பதில் சொல்வதற்காக அச்சிட்டதும் இல்லை.

நான் செய்த தப்பு மார்ஷ்மெல்லோ. ஊரிலிருந்து அம்மா வந்திருந்த குளிர்காலம். பையனுக்கு ஓட்ஸ் பாலில் சூடாகக் கோகோ போட்டு, மேலே இரண்டு வெள்ளை உருண்டை மிதக்கவிட்டேன். பரேவ் என்று கொட்டை எழுத்தில் இருந்த பாக்கெட். அம்மாவும் ஆசையாக ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ராத்திரி பாக்கெட்டை மூடி வைக்கும்போதுதான் பின்னால் ஜெலட்டின் என்று பார்த்தேன். மீனிலிருந்து எடுத்தது. மாமிசம் என்றால் அவர்கள் சட்டத்தில் ஆடு மாடு கோழிதான். மீன் அதில் சேராது, பரேவ். கோஷர் முறையில் அறுத்த மாட்டின் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டினைக்கூட பரேவ் என்று ஏற்கிறார்கள். எழுபது வயது வரை அசைவம் தொடாத அம்மாவுக்கு என் கையாலேயே கொடுத்துவிட்டேன். மறுநாள் காலையில் சொல்லிவிட்டேன், மறைக்க மனசு வரவில்லை. “தெரியாம நடந்ததுடி, விடு” என்றார். ஆனால் அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை.

அதனால் சைவக்காரர்கள் பரேவ் என்றதும் நிம்மதியாகிவிடாதீர்கள். மீனும் முட்டையும் பரேவ்தான். முட்டையைத் தனியாகக் காட்ட எந்த எழுத்தும் இல்லை. ஊர்ஸ்டர் சாஸில் நெத்திலி மாதிரி மீன் போடுவார்கள். மீன் அளவு அறுபதில் ஒரு பங்குக்கு மேல் போனால்தான் ‘மீன்’ என்று போடுவார்கள், குறைந்தால் வெறும் வட்டம்தான். மிட்டாய்க்குப் பளபளப்பு கொடுக்கும், பூச்சி சுரக்கும் அரக்கையும் அனுமதிக்கிறார்கள். ஆனால் பூச்சியை அரைத்து எடுக்கும் சிவப்புச் சாயம் கோஷர் இல்லை, அந்த வகையில் நமக்குக் காப்பு. நம் ஊர்ப் பச்சைப் புள்ளி சொல்வது வேறு, இது சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். பால் ஓடிய இயந்திரத்தை ஒரு நாள் சும்மா போட்டு, கொதிநீர் விட்டுச் சுத்தம் செய்தால் மதச் சட்டப்படி அது பரேவ் ஆகிவிடும். பாலின் புரதம் ஒரு துளி கூட மிஞ்சவில்லை என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. எங்கள் டாக்டர் இதை முதல் நாளே சொன்னார்: ‘டி’ இருந்தால் கண்டிப்பாக வேண்டாம், ‘டி’ இல்லையென்றால் மட்டும் சரி என்று முடிவு கட்டாதீர்கள், பின்பக்கமும் படியுங்கள், கம்பெனிக்குப் போனும் போடுங்கள். டார்க் சாக்லேட்டில் இரட்டைக் கவனம். ஏழு வருடமாக அப்படித்தான் செய்கிறேன். முத்திரை எனக்கு முதல் சல்லடை. கடைசிச் சல்லடை இல்லை.

இன்னொன்று: ‘பி’ என்றால் பரேவ் இல்லை! பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்கு ஆகும் என்று அர்த்தம். என் கணவர் ஒரு மார்ச் மாதம் ‘பி’ பார்த்துவிட்டுச் சந்தோஷமாக நாலு சாக்லேட் வாங்கி வந்தார். ‘டி’யும் கூடவே இருந்தது. பிரிக்கும் முன் பார்த்தோம். அப்புறம், வெறும் ‘கே’ மட்டும் போட்டிருந்தால் யார் போட்டது என்று விசாரியுங்கள். ஓர் எழுத்தை யாரும் தன் முத்திரையாகப் பதிவு செய்துகொள்ள முடியாது, யார் வேண்டுமானாலும் போடலாம்.

இப்போது பேக்கரி. டீனெக்கில் சீடார் லேன் பக்கம் நடந்தால் கோஷர் கடைகள் வரிசையாக வரும். ஜன்னலில் பெர்கன் கவுண்டி ரப்பிகள் குழுவின் சான்றிதழ் ஒட்டியிருக்கும். கடைகளின் பெயர் போடவில்லை. நான் சொல்லும் குறை ஒரு கடைக்கு மட்டும் சொந்தமில்லை, சீடார் லேன் போனால் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். பீட்சா கடைகள் பால் வகை, எனவே எனக்கும் கணவருக்கும் சொர்க்கம். மாமிசம் அந்தக் கூரைக்குள்ளேயே வராது, ஒரே எண்ணெயில் கோழி பொரித்திருப்பார்களோ என்ற கவலை இல்லை. டூனா மீன் மட்டும் இருக்கும், சொல்லி வாங்குங்கள். பையனை உள்ளே கூட்டிப்போவதில்லை.

அவனுக்கான கடை பேக்கரி. மாமிசம் சாப்பிட்ட பிறகு பால் இனிப்பு கூடாதல்லவா? விருந்தில் கோழி இருந்தால் கேக்கில் வெண்ணெய் இருக்க முடியாது. அதனால் பால் இல்லாத இனிப்பு அவர்களுக்கு நோயாளிக்குச் செய்யும் மாற்று இல்லை, கல்யாண விருந்துக்குச் செய்யும் அசல். ரொட்டி விஷயம் இன்னும் நல்லது. மாமிசத்தோடு யாராவது தெரியாமல் சாப்பிட்டுவிடுவார்கள் என்பதால் ரொட்டி மாவில் பால் சேர்க்கக்கூடாது என்பது டால்முட் என்ற பழைய யூதச் சட்ட நூல் காலத்து விதி. வித்தியாசமான வடிவத்தில் செய்தாலோ, கொஞ்சமாகச் செய்தாலோதான் விலக்கு. எனவே வெள்ளிக்கிழமை வாங்கும் பின்னல் ரொட்டி, ஹல்லா, எங்கள் வீட்டில் நிரந்தரம். முட்டை சேர்த்தது, எனக்கு ஆகாது. தண்ணீர் ஹல்லா என்று கேட்டால் முட்டை இல்லாமல் கிடைக்கும். மேலே முட்டை தடவியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் போகும் கடை முழுக்கப் பரேவ், பால் உள்ளேயே வராது. முதல் தடவை போனபோது மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கேள்வி கேட்டேன். மாவு, மார்ஜரின், சாக்லேட் என்று ஒவ்வொரு பெட்டியாகப் பின்னாலிருந்து எடுத்துவந்து லேபிளைக் காட்டினார். சாக்லேட் பெட்டியைப் படம் பிடித்து, கம்பெனிக்குப் போன் செய்து, இரண்டு நாள் கழித்துத்தான் ஆர்டர் கொடுத்தேன். அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

சுவையைப் பற்றி உள்ளபடி சொல்கிறேன். சாக்லேட் வைத்துச் சுருட்டிய பாப்கா ரொட்டி பிரமாதம் என்று வீட்டில் இருவரும் சொல்கிறார்கள். கேக்கின் மேல் பூசும் க்ரீம்தான் குறை. பனை எண்ணெய்க் கொழுப்பில் அடிப்பது, மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதாம். வாசம் எனக்கே தெரிகிறது, ஊரில் டால்டாவில் செய்த ஸ்வீட் மாதிரி. கணவர் சுரண்டி வைத்துவிடுவார். எட்டு அங்குல கேக் 48 டாலர், மலிவு இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. வெள்ளிக்கிழமை சூரியன் இறங்கியதும் அவர்களுடைய ஓய்வு நாள் ஆரம்பித்துவிடும். குளிர்காலத்தில் சூரியன் நாலரைக்கே இறங்கிவிடும், அதற்கு வெகு முன்பே கதவைச் சாத்துவார்கள். சனிக்கிழமை கிடையாது.

பையனுக்கு ஐந்து வயது முடிந்த பிறந்தநாளுக்குத்தான் முதல் கேக் வாங்கினோம். அதுவரை என் கையால் செய்த அப்பமும் கேசரியும்தான், தேங்காய் எண்ணெயில். மற்ற குழந்தைகளின் விழாவுக்கு டப்பாவில் தனியாக எடுத்துப்போய் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவான். அன்று கடையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருபது வகை. வழக்கம்போல, “இதில் எனக்கு எதும்மா?” என்று கேட்டான். எல்லாமே என்றேன். நம்பவில்லை, கடைக்காரரிடம் கேட்டான். அவரும் எல்லாமே என்றார். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, முடிவு செய்ய இருபது நிமிடம் ஆயிற்று. பின்னால் வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

இந்த வருடம் ஒன்பதாவது பிறந்தநாள், ஏப்ரல் 4. பஸ்கா வாரத்துக்குள் வருகிறது. புளித்த மாவு அவர்கள் வீட்டிலோ கடையிலோ இருக்கக்கூடாத எட்டு நாட்கள், பேக்கரி திறக்காது. மார்ச் கடைசியிலேயே வாங்கி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். முந்தின நாள் இரவு எடுத்துக் கீழே வைத்தால் போதுமாம். க்ரீம் வேண்டாம், சாக்லேட் மட்டும் ஊற்றித் தாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.